மதுரை, தஞ்சை போகிறீர்களா? ட்ரைப்பின் படங்களையும் எடுத்துப் போங்கள்

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது மதுரையும் தஞ்சாவூரும் திட்டத்தில் இருந்தால், லினியஸ் ட்ரைப் எடுத்த படங்கள் நாலைந்தைக் கையோடு கொண்டுபோங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டனாக இருந்தவர். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-இல் இந்த ஊர்களை எல்லாம் படம் பிடித்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் படங்கள் வரும்.

ஒன்று முக்கியம்: தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். நான் எல்லாவற்றையும் போனிலேயே வைத்திருந்தேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனேன்.

அப்புறம் திருமலை நாயக்கர் மகால். ட்ரைப்பின் படத்தில் இது பாழடைந்து கிடக்கும். ஆளுநர் நேப்பியர் காலத்தில்தான், 1866-க்குப் பிறகு, பழுது பார்த்தார்கள். ஆகவே நாம் வியந்து பார்க்கும் பளிச்சென்ற தூண்களில் எது நாயக்கர் காலத்துச் சுதை, எது பிற்காலப் பூச்சு என்று படத்தை வைத்துத் தேடலாம். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. பக்கத்திலேயே இன்னொன்று: கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்கையும் ட்ரைப் எடுத்திருக்கிறார். ஆட்டோக்காரரிடம் பிளாக்பர்ன் என்றால் விழிப்பார். விளக்குத்தூண் என்று சொல்லுங்கள்.

தஞ்சைக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலோடு அந்தக் கல்லில் நடக்க முடியாது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார் ட்ரைப். அந்தக் காகித நெகட்டிவ் காலத்தில் இதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். நாம் கொடுத்தவை, நம் அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது இங்கேதான் இருக்கிறது. விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், இடுப்பளவுக்குக் குனிந்து ஒரு சுற்று வாருங்கள்.

ஸ்ரீரங்கமும் போனால், ராஜகோபுரம் 1987-இல்தான் முடிந்தது என்பது நினைவிருக்கட்டும். ட்ரைப் வந்தபோது அது வெறும் மொட்டைக் கோபுரம்.

ட்ரைப் நின்ற அதே இடத்தில் நின்று நீங்களும் ஒரு படம் எடுங்கள். ஆனால் அவர் படத்தில் இருக்கும் மேகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பல படங்களில் அது நெகட்டிவ் மேல் அவரே தீட்டியது.