குளிரில் பிக்கப் டிரக்கின் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தால்

கனடாவின் வின்னிபெக்கில் மைனஸ் 25 டிகிரிக் காலையில் பிக்கப்பை ஸ்டார்ட் செய்தால் சில நேரம் ஏபிஎஸ் பிரேக், ஸ்டீயரிங், சார்ஜிங் என்று எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். பதறாமல் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் சரிவதை வண்டியின் கம்ப்யூட்டர்கள் பழுது என்று எடுத்துக்கொள்ளும்.

இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில், வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் சரி, 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். அப்புறம் கேபிள்கள் மாட்டும் பேட்டரி முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் தேய்த்துத் துடையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் உள்ளே உறைந்திருக்கலாம். அதை மட்டும் ஜம்ப் ஸ்டார்ட் (வேறு பேட்டரியோடு கேபிளால் இணைத்து ஸ்டார்ட்) செய்யவே வேண்டாம், வெடித்துவிடும் ஆபத்து உண்டு.