எண்ணெய் விட்ட பின் செயினைத் துடையுங்கள்

சைக்கிள் செயினில் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, பத்து நிமிடம் கழித்துப் பழைய பனியன் துணியால் வெளிப்புறத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை கண்ணிகளின் உள்ளேதான். வெளியே பளபளக்கும் எண்ணெய் புழுதியைப் பிடித்துக்கொண்டு, உப்புத்தாளைப் போலச் செயினையும் பல்சக்கரத்தையும் அரைக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். செயின் மாற்றும் செலவு வெகுவாகத் தள்ளிப்போகும்.

காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் சைக்கிளை வெளியே நிறுத்துபவர்கள் மட்டும் வறட்டுத் துடைப்பாகத் துடைக்க வேண்டாம். உப்புக்காற்றில் துரு ஏறாமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் தேவை. எண்ணெய்க்குப் பதில் மெழுகிட்ட செயினுக்கு இந்த முறை பொருந்தாது.