வில்லில் கை வைக்காதீர்கள், பாறையை வையுங்கள்: வில்லாளியையும் வாள்வீரரையும் சமன்செய்யும் வழி

பொங்கல் லீவில் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் ஆடினோம். நான்தான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். சண்டை நடக்கிற இடம் வற்றிப்போன ஏரி. வரைவதற்குச் சுலபம் என்று வெறும் சார்ட்டை விரித்துவிட்டேன். எதிரிகள் அந்தக் கரை, நம் ஆட்கள் இந்தக் கரை. மூன்றாவது ரவுண்டு முடியும்போது வில் வைத்திருந்த பையன் ஐந்து பேரை வீழ்த்தியிருந்தான். வாள் எடுத்த என் சித்தி மகன் அதுவரை ஓடிக்கொண்டே இருந்தான். பாயைச் சுருட்டும்போது சொன்னான்: "ண்ணா, நான் ஒரு வாட்டி கூட டைஸ் போடலண்ணா."

அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அடுத்த வாரம் நீள்வில்லின் 1டி8 சேதத்தை (ஓர் எட்டு முகப் பகடை) 1டி6 (ஆறு முகம்) ஆகக் குறைத்தேன். வில்லாளி முகம் சுருங்கிப் போனது. வாள்காரன் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தான். தப்பு வில்லில் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன்பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நாங்கள் ஆடுவது 5ஆம் பதிப்பின் 2014 விதிகள். டி20 (இருபது முகப் பகடை) உருட்டுவது, ஆர்மர் கிளாஸ் (அடி பட அந்தப் பகடையும் கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்), எச்பி (உயிர்ப் புள்ளி) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் கணக்குப் பாருங்கள்

5ஆம் லெவல் வீரர்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் முக்கியத் திறன் +4, தேர்ச்சி +3, ஒரு ரவுண்டுக்கு இரண்டு தாக்குதல். வில்லாளிக்கு ஆர்ச்சரி ஸ்டைல் என்கிற வில் பயிற்சி கூடுதலாக +2 தருகிறது; ஆக +9. ஆர்மர் கிளாஸ் 15 உள்ள எதிரி மேல் 75 சதவீதம் படும். ஓர் அம்பின் சராசரி சேதம் 8.5. தவறுவதையும் சேர்த்தால் அம்புக்கு 6.4. இருகை வாள்காரருக்கு +7, 65 சதவீதம் படும். ஆனால் சேதம் 2டி6+4, சராசரி 11. வீச்சுக்கு 7.2 வருகிறது. கிரிட்டிக்கலை (20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் சேதம்) நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பார்த்தீர்களா, ஓர் அடிக்கு ஓர் அடி வாள்தான் மேல். இப்போது ஐந்து ரவுண்டு சண்டையாகப் பாருங்கள். வில்லாளி 10 அம்பு, சுமார் 64. வாள்காரர் முதல் ரவுண்டிலேயே எதிரியைத் தொட்டால் 71.5. ஒரு ரவுண்டு ஓட்டத்தில் போனால் 57. இரண்டு ரவுண்டு போனால் 43. நடையில்தான் எல்லாம் போகிறது. வில்லின் சேதத்தைக் குறைப்பதால் வாள்காரருக்கு ஒரு வீச்சு கூட திரும்பக் கிடைக்காது.

படி 2: சார்ட்

ஒரு முழு சார்ட் 22க்கு 28 அங்குலம். அங்குலக் கட்டம் போட்டால் நீளவாக்கில் 28 கட்டம், கட்டத்துக்கு 5 அடி, மொத்தம் 140 அடி. நீள்வில்லின் சாதாரண வீச்சே 150 அடி. அதாவது சார்ட் முழுக்க அவர் கைக்குள். வாள்காரர் ஒரு ரவுண்டுக்கு 30 அடி, டாஷ் (அடிக்காமல் ஓட்டம் மட்டும்) எடுத்தால் 60. எதிரி இறங்கி வராமல் அக்கரையிலேயே நின்றால் மூன்றாவது ரவுண்டில்தான் வாள் இறங்கும்.

இரு தரப்பையும் 10 முதல் 14 கட்டத் தூரத்தில் ஆரம்பியுங்கள். அதற்கும் கிட்டே கொண்டுவந்தால் வில் எடுத்தவருக்கு ஆடின மாதிரியே இருக்காது, அதுவும் அநியாயம்.

கட்டம் போட டெய்லர் டேப்பும் பென்சிலும் போதும். அழித்து எழுதுகிற மேட், கம்ப்யூட்டரில் மேப் காட்டும் ஆப் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். எனக்குச் சார்ட்தான் பிடிக்கிறது. காரணம் அடுத்த படியில் வரும் பூ கட்டும் நூல்.

படி 3: பாறை

நான் இடறி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி கோட்டை மலையை ஏறியவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் வெட்டவெளி என்பது அபூர்வம். உருண்டைப் பாறை, அதன் மேல் இன்னொரு பாறை, இடுக்கில் ஒரு சந்து. அப்படி ஒரு நாள் ஏறும்போது, முன்னால் போன தம்பி பத்தடியில் ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்துவிட்டான். குரல் மட்டும் கேட்கிறது. இங்கே ஒரு வில்லாளி நின்றால் யாரைக் குறிபார்ப்பான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் தெருமுனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த குவியலில் கேட்டு, ஒன்றரை ஜல்லி ஒரு கை அள்ளிவந்தேன். அந்த ஜல்லி அங்குலக் கட்டத்துக்கு மேல் வைத்தால் பாறை மாதிரியே உட்காரும். முக்கால் ஜல்லி வேண்டாம், கை பட்டதும் நகர்ந்துவிடுகிறது.

முதல் தடவை ஜல்லியை அழகுக்காகச் சார்ட் ஓரங்களில் வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது தடவை நடுவில் கொட்டினேன். வில்லாளி ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, எட்டிப் பார்த்து அடித்து, மறுபடி பதுங்கினார். முன்னைவிட மோசம். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது: ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு 6 கட்டத்துக்கு மேல் போகக்கூடாது. 6 கட்டம் என்றால் 30 அடி, ஒரு நடை. வாள்காரர் ஒரு மறைவிலிருந்து இன்னொரு மறைவுக்கு ஒரே நடையில் போய்விடுவார். முழுசாக மறைந்தவரைக் குறிவைக்கவே முடியாது. அப்போது வில்லாளியும் இலக்கைத் தேடி முன்னே வந்தாக வேண்டும். வந்தால் எதிரியின் வாள் எட்டும் தூரம். அடுத்த கட்டத்தில் எதிரி நின்றால் அம்பு எய்ய டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். 75 சதவீதம் 56க்கு இறங்கும்.

பாதி மறைவுக்கு ஆர்மர் கிளாஸ் +2, முக்கால் மறைவுக்கு +5. இதை எப்படி அளப்பது என்பதில் எங்கள் மாடியில் தினமும் வாக்குவாதம். நான் கட்டத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொண்டிருந்தேன், அது தப்பு. எய்பவர் தன் கட்டத்தின் ஏதாவது ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே பூ கட்டும் நூலை விரலால் அழுத்திப் பிடித்து, எதிரி கட்டத்தின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாக இழுங்கள். ஒன்றோ இரண்டோ மூலைக்குப் போகும்போது நூல் ஜல்லியில் முட்டினால் பாதி மறைவு. மூன்று நான்கு முட்டியும் அம்பு போக வழி இருந்தால் முக்கால். நூல் கல்லில் முட்டி வளைவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அதன்பின் யாரும் பேசுவதில்லை. நூல் வந்த நாளிலிருந்து எங்கள் சண்டைகள் பாதி நேரத்தில் முடிகின்றன.

பாறை மேல் ஏற அனுமதித்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஏறும்போது ஓர் அடிக்கு இரண்டு அடி நடை செலவாகும். 15 அடிப் பாறை என்றால் முழு 30 அடியும் காலி. உச்சியில் எதிரி வில்லாளியை நிறுத்தினால் பின்பக்கம் ஒரு சரிவு வைத்துவிடுங்கள்.

படி 4: தொறு

பாறை தூரத்தைச் சரிசெய்தது. வாள்காரர் இல்லாவிட்டால் ஆகாது என்கிற வேலை ஒன்று இன்னும் தேவைப்பட்டது. அது தருமபுரி அருங்காட்சியகத்தில் கிடைத்தது. இந்தப் பக்கத்து நடுகற்களில் பல மாடு மீட்கப் போய் இறந்தவர்களுக்கு எடுத்தவை. ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் மாடுகள். 'தொறு மீட்டுப் பட்டான்' என்கிற எழுத்து. தொறு என்றால் மாட்டு மந்தை.

அதை அப்படியே களமாக்கினேன். சார்ட் நடுவில் எட்டுப் புளியங்கொட்டை, அதுதான் மந்தை. ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் மந்தை 4 கட்டம் எதிரிப் பக்க விளிம்பை நோக்கி நகரும். முன்னால் ஓர் ஆள் ஒட்டி நின்றால் மட்டும் நிற்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு 14 கட்டம், ஆக நான்கு ரவுண்டு அவகாசம். அம்பு கள்வரைக் கொல்லும், மாட்டைத் திருப்பாது. கள்வர்கள் மாடுகளுக்கு நடுவே நடக்கிறார்கள், மாடும் பாதி மறைவு தரும். அந்த +2வால் மட்டும் தவறிய அம்பு மாட்டின் மேல் படும் என்று நான் வைத்திருக்கிறேன். அன்றைக்கு வில்லாளி ஒவ்வொரு அம்புக்கும் யோசித்தான். என் சித்தி மகன் மந்தைக்கு முன்னால் போய் நின்று மூன்று பேரைத் தடுத்தான், டைஸ் அவன் கையைவிட்டு இறங்கவே இல்லை.

பின்சேர்க்கை

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணா, எங்க ஆள் ஷார்ப்ஷூட்டர் எடுத்துட்டாரு, உங்க ஜல்லி வேலைக்கு ஆவல." உண்மைதான். 2014 விதியில் அந்த ஃபீட் (வீரர் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறமை) பாதி, முக்கால் மறைவு இரண்டையும் ஒதுக்கிவிடும். அதோடு குறியில் 5 குறைத்துச் சேதத்தில் 10 கூட்டலாம். அதே எதிரி மேல் அம்புக்கு 9.25 வருகிறது. வாள்காரர் அதே -5, +10 தரும் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் எடுத்தாலும் 8.4 தான். 2024 விதிகளில் ஷார்ப்ஷூட்டரின் அந்த 10 போய்விட்டது, மறைவை ஒதுக்குவது அப்படியே இருக்கிறது. 2014லேயே ஆடுபவர்களுக்கு நான் சொல்வது: பாதி மறைவை ஒதுக்கட்டும், முக்கால் மறைவைப் பாதியாக எண்ணுங்கள். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் மாற்றினால் அந்த ஆளுக்கு மனசு விட்டுப்போகும், நான் 1டி6 ஆக்கிய அன்று பார்த்தேன்.

இன்னொருவர் கேட்டது: நம் ஆளே குறுக்கே நின்றால்? அதுவும் பாதி மறைவுதான், எதிரிக்கு +2. நூலை வேறு மூலையிலிருந்து இழுத்துப் பாருங்கள், இல்லையென்றால் இரண்டு கட்டம் தள்ளி நில்லுங்கள். இப்போது எங்கள் மாடியில் வில்லாளி நூலைக் கையில் பிடித்தபடி, "மச்சான், அந்தக் கல்லுக்கு இந்தாண்ட வாடா, வழி விடு" என்று கத்துகிறான். வாள்காரன் நகர்ந்து கொடுக்கிறான்.