காணாக்கடிக்கு அலர்ஜி ரத்தப் பரிசோதனை: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

உடம்பில் திடீரென்று தடிப்பு எழும்புகிறது, அரித்துத் தள்ளுகிறது, சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் அடங்கிவிடுகிறது. மறுநாள் வேறு இடத்தில் கிளம்புகிறது. இது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டர்கள் நாள்பட்ட அர்டிகேரியா என்கிறார்கள். நாம் காணாக்கடி என்கிறோம். வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து என்ன சாப்பிட்டே?" என்பதுதான்.

அதற்குப் பதில் தேடித்தான் பலர் லேபுக்குப் போகிறார்கள். ஒரே தடவை ரத்தம் எடுத்து, உணவு, தூசி, மகரந்தம், பூச்சி என்று ஏகப்பட்ட பொருள்களுக்கு ஒன்றாகப் பார்க்கும் அலர்ஜி பேனல் இப்போது சின்ன ஊர்களிலும் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவாகும். பணம் போவதைவிட, அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எடுக்கிற முடிவுகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

தவறு பரிசோதனைக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. நாள்பட்ட காணாக்கடிக்கு வெளியிலிருந்து வரும் ஒரு பொருள்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுவதால்தான் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. நாள்பட்ட காணாக்கடி உள்ள பலருக்கு அந்தச் செல்களைத் தூண்டிவிடுவது அவர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பேதான். தன் உடலுக்கு எதிராகவே அது உருவாக்கிய ஆன்ட்டிபாடிகள் இந்த வேலையைச் செய்கின்றன. உணவுப் பட்டியலில் எத்தனை வரி தேடினாலும் இது அகப்படாது.

நேரக் கணக்கைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். உண்மையான உணவு அலர்ஜி, சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். மறுபடி சாப்பிட்டால் மறுபடி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் சாப்பிடுகிறவருக்கு வாரம் முழுக்க விடியற்காலையில் தடிப்பு வருகிறதென்றால், மீனைச் சந்தேகிக்க அடிப்படையே இல்லை.

அமெரிக்காவின் அலர்ஜி, ஆஸ்துமா, இம்யூனாலஜி அகாடமி 2012-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாள்பட்ட அர்டிகேரியாவுக்கு வழக்கமாக எல்லோருக்கும் பரிசோதனைகளை அடுக்காதீர்கள். சர்வதேச வழிகாட்டுதல் கேட்பதும் கொஞ்சம்தான். வெள்ளணுக்களின் வகை எண்ணிக்கையோடு ரத்த அணு பரிசோதனை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. சிறப்பு மருத்துவரிடம் போனால் மொத்த ஐஜிஇ (அலர்ஜியில் பங்கு வகிக்கும் ஆன்ட்டிபாடி வகையின் மொத்த அளவு), தைராய்டுக்கு எதிரான ஆன்ட்டிபாடியைப் பார்க்கும் ஆன்ட்டி டிபிஓ. உணவுப் பேனல் அதில் கிடையாது.

பாசிட்டிவ் என்றால் அலர்ஜி அல்ல

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 'இறால் – 0.82 – கிளாஸ் 2' என்று சிவப்பில் ஒரு வரி. லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட்டைத் தாண்டினாலே பாசிட்டிவ் என்று அச்சடிப்பது வழக்கம். 0.70 முதல் 3.50 வரை கிளாஸ் 2. இந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று: இறாலில் உள்ள ஏதோ ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஐஜிஇ ஆன்ட்டிபாடி இவர் ரத்தத்தில் இருக்கிறது. இறால் சாப்பிட்டால் இவருக்கு ஏதாவது ஆகுமா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து இறால் தொக்கு சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கு அந்த வரி செல்லாது.

அப்படியானால் அந்த ஆன்ட்டிபாடி எங்கிருந்து வந்தது? இறாலில் ட்ரோபோமயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே அமைப்புள்ள புரதம் வீட்டுத்தூசியில் வாழும் நுண்ணிய பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் இருக்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் இருக்கிற தூசிப்பூச்சிக்கு ஈரப்பதமான கடலோர ஊர்கள் ரொம்பவே தோதானவை. தூசிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஐஜிஇ, பரிசோதனைக் குழாயில் இறாலையும் பிடித்துக்கொள்கிறது. ரிப்போர்ட்டில் இறால் சிவப்பாகிறது.

செடிகொடி உணவுகளிலும் இதே கதை நடக்கிறது. தாவரப் புரதங்களோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிராகச் சிலருக்கு ஐஜிஇ இருக்கும். அவர்களுக்குக் கோதுமை, வேர்க்கடலை, தக்காளி, பல வகை மகரந்தம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகப் பாசிட்டிவ் காட்டும். பொதுவாக அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரே ரிப்போர்ட்டில் சம்பந்தமில்லாத ஏழெட்டு உணவுகள் குறைந்த அளவில் பாசிட்டிவாக வந்தால், முதலில் இந்தச் சந்தேகம்தான் வர வேண்டும்.

மொத்த ஐஜிஇ அதிகமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். குடல் புழு, ஆஸ்துமா, எக்ஸிமா என்ற தோல் அழற்சி என எதனாலும் அது ஏறும். சிறப்பு மருத்துவர் அந்த எண்ணைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. அது மிகக் குறைவாகவும் ஆன்ட்டி டிபிஓ அதிகமாகவும் இருந்தால், இது நோய் எதிர்ப்பு அமைப்பே தன் உடலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் வகையாக இருக்கலாம் என்று ஊகிக்கவும், எந்த மருந்து எடுபடும் என்று யோசிக்கவும் அது உதவும்.

'ஃபுட் இன்டாலரன்ஸ் டெஸ்ட்' என்ற பெயரில் விற்கப்படும், ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்ட்டிபாடியைப் பார்க்கும் பரிசோதனைக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம். அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு எதிராக ஐஜிஜி உருவாவது இயல்பு. அந்த உணவை உடம்பு அறிந்திருக்கிறது என்பதைத் தாண்டி அதற்குப் பெரிதாக அர்த்தமில்லை. ஐரோப்பிய அலர்ஜி அகாடமி 2008-லேயே இந்தப் பரிசோதனையை உணவு அலர்ஜிக்குப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தினமும் சாப்பிடுகிற அரிசியும் பாலும் 'ஆகாதவை' பட்டியலில் வந்து நிற்பது இதனால்தான்.

எல்லாம் நெகட்டிவ் என்று வந்தாலும் தவறாகப் படிக்க இடம் இருக்கிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் நாள்பட்ட காணாக்கடியைக் கிளறிவிடுவது உண்டு. அது ஐஜிஇ வழியில் நடப்பதில்லை, அதனால் எந்தப் பேனலிலும் தெரியாது. முட்டி வலிக்கு எப்போதாவது போடும் மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதை அவசியம் சொல்ல வேண்டும். குளிர், வியர்வை, இறுக்கமான பெல்ட், தோலைக் கீறுவது இவற்றால் வரும் வகைகளும் ரத்தத்தில் தெரியாது. முன்கையில் லேசாகக் கீறிப் பார்ப்பது, பனிக்கட்டியைச் சில நிமிடம் வைத்துப் பார்ப்பது என்று டாக்டர் அறையிலேயே அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. ரத்தப் பரிசோதனைக்காக அலர்ஜி மாத்திரையை நிறுத்திவிட்டு நாலைந்து நாள் அரிப்போடு அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் அப்படி நிறுத்த வேண்டும். ரத்த ஐஜிஇ அளவை அந்த மாத்திரை மாற்றாது.

வேரைத் தேடுகிறோம் என்று மருந்தை விட்டுவிடுவது

"காரணத்தைக் கண்டுபிடிக்காம மாத்திரை போட்டா அமுக்கித்தானே வைக்கும்?" இந்த எண்ணம்தான் மக்களை அடுத்தடுத்த பேனலுக்கு அனுப்புகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோய் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ தானாகவே அடங்கிவிடும். அதுவரை தூங்கவும் வேலைக்குப் போகவும் முடிகிற மாதிரி வைத்திருப்பதுதான் சிகிச்சை. செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற அலர்ஜி மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடாமல், டாக்டர் சொன்னபடி தினமும் போட வேண்டும். போதாவிட்டால் வழக்கமான அளவைப் போல நான்கு மடங்கு வரை டாக்டர் கூட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஒமாலிசுமாப் ஊசி இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்வதுதான் ஆபத்து.

ஐஜிஇ பரிசோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட உணவுக்குப் பின் ஒவ்வொரு தடவையும் உடனே தடிப்பு வருகிறது, கூடவே வாந்தியோ மூச்சுத்திணறலோ இருக்கிறது என்றால், அந்த ஒரு உணவுக்குப் பார்ப்பது அவசியம். கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ உடற்பயிற்சி செய்தாலோ மட்டும் வரும் அலர்ஜியும் உண்டு. அங்கே ஒமேகா-5 கிளையடின் என்ற ஒரே புரதத்துக்கான பரிசோதனை பெரிய உதவி. சந்தேகம் முதலில், பரிசோதனை பிறகு. டாக்டரிடம் போகும்போது செல்போனில் எடுத்த தடிப்பின் படம், வந்த நேரம், போட்ட மாத்திரை இவற்றைக் கொண்டுபோனால் அவருக்கு அதுவே நிறைய சொல்லும். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நிற்கிறது, வலிக்கிறது, மறைந்தபின் கன்றிய தடம் விடுகிறது என்றால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டிவரும். நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

ஏற்கெனவே பேனல் எடுத்து, அதைப் பார்த்து முட்டை, பால், மீன், கோதுமை என்று வரிசையாக நிறுத்தியவர்கள் பலர் இருப்பார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்தால் எடையும் சத்தும் குறையும், அதனால் திரும்பக் கொடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் நாமாக எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். ஐஜிஇ பாசிட்டிவாக உள்ள உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, குறிப்பாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு, முன்பு இல்லாத தீவிரமான எதிர்வினை வரக்கூடும். ரிப்போர்ட்டையும், நிறுத்துவதற்கு முன் அந்த உணவை எப்படிச் சாப்பிட்டுவந்தார்கள் என்ற விவரத்தையும் அலர்ஜி மருத்துவரிடம் காட்டி, எதை வீட்டில் தொடங்கலாம், எதை மருத்துவமனையில் வைத்துத் தொடங்க வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்.