கோகோவின் துடைப்ப நோய்: காய்ந்த கொத்தை மரத்தில் விட்டுவைக்காதீர்கள்

பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் 1989ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட துடைப்ப நோய், கோகோ ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த அந்நாட்டைச் சுமார் பத்தாண்டுகளில் இறக்குமதி செய்யும் நிலைக்குத் தள்ளிவிட்டது. இந்நோயை உண்டாக்கும் மோனிலியோப்தோரா பெர்னிசியோசா என்னும் பூசணம் எந்தக் கட்டத்தில் இனம்பெருக்குகிறது என்பதை அறியாமல் செய்யப்படும் வேலைகளே இந்நோய்க்குப் பெரிதும் துணைபோகின்றன.

பூசண வித்து இளங்குருத்தில் நுழைந்தபின், செல்களைக் கொல்லாமல் அவற்றின் இடைவெளிகளில் வளர்கிறது. குருத்து பருத்து, பக்கக் கிளைகள் துடைப்பம்போலக் கொத்தாகக் கிளம்பும். பார்க்க அச்சமூட்டினாலும் இந்தப் பச்சைக் கொத்து ஒரு வித்தைக்கூட வெளியிடுவதில்லை. சில வாரங்களில் அது பழுப்பேறிக் காயும்போது, நோயும் அதோடு முடிந்துவிட்டதாக எண்ணி விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. செத்த திசுவைத் தின்று வளரும் வேறு வகை இழைகளாகப் பூசணம் அதற்குள் மாறியிருக்கும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் நாட்களில் அந்தக் காய்ந்த குச்சிகளின்மேல் விரல்நுனி அளவே உள்ள இளஞ்சிவப்புக் காளான்கள் முளைக்கும். அவற்றின் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளிலிருந்து வித்துகள் பெரும்பாலும் இரவின் ஈரக்காற்றில் உதிர்வதால், பகலில் தோட்டத்தைச் சுற்றி வருபவருக்கு எதுவும் தெரியாது. கோகோவைத் தாக்கும் வகைக்கு இனப்பெருக்கத்துக்கு இணை தேவையில்லை என்பதால், ஒற்றை வித்திலிருந்தே முழுச் சுழற்சியும் நடந்துவிடும்.

ஆகவே காளான் முளைப்பதற்கு முன்பே, வீங்கிய பகுதிக்கு நன்கு கீழே கவாத்து செய்ய வேண்டும். வெட்டியதைக் கிளைகளுக்கிடையே தொங்க விடுவது வெட்டாததற்குச் சமம். தரையில் இலைச்சருகின் அடியில் மட்கும் கொத்தைவிட, மரத்தில் தொங்குவதில்தான் காளான் மிகுதியாக வரும். கருகிச் சுருங்கிய காய்களையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றிலும் காளான் முளைக்கும்.

பூசணக்கொல்லியாகத் தெளிக்கும் தாமிரக் கலவையை மட்டும் நம்புவதும் பயன் தராது. அது மேற்பரப்பைக் காக்குமே தவிர, திசுவுக்குள் போய்விட்ட பூசணத்தை எட்டாது. எதிர்ப்புத்திறன் கொண்ட ரகத்தை நட்டுவிட்டுக் கண்காணிப்பைக் கைவிடுவதும் அப்படித்தான்: ஸ்கவீனா 6 ரகத்தின் எதிர்ப்பு ஈக்வடாரில் நிலைக்கவில்லை.

கடைசித் தவறு, நோயுள்ள பகுதியிலிருந்து காயையோ நாற்றையோ ஒட்டுக்குச்சியையோ எடுத்துச் செல்வது. வெயிலும் வறட்சியும் பட்டால் வித்துகள் விரைவில் செத்துவிடும். அமேசானைத் தாயகமாகக் கொண்ட இந்நோய், இடையே வறண்ட நிலம் பரந்து கிடக்கும் பாஹியாவை அடைந்தது காற்றின் வழியாக என்பதைவிட, மனிதர் கொண்டுவந்த செடிப்பொருளின் வழியாக என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.