ரீமிக்ஸில் எவ்வளவு மாற்ற வேண்டும்?

பாம்பனில் இருக்கும் அக்கா மகன், பிளாக் எனும் கட்டளைத் துண்டுகளை அடுக்கி விளையாட்டு செய்யும் ஸ்கிராட்ச் தளத்தில் யாரோ பகிர்ந்திருந்த படகு விளையாட்டை ரீமிக்ஸ் செய்து, அதாவது எடுத்துத் தன் பங்குக்கு மாற்றிக் காட்டினான். படகு சிவப்பிலிருந்து நீலமாகியிருந்தது, அவ்வளவுதான். "இதைப் பகிரலாமா மாமா?"

விதிப்படி தாராளமாகப் பகிரலாம். மூலத்தை உருவாக்கியவர் பெயரைச் சொல்லிவிட்டால் சின்ன மாற்றமும் ரீமிக்ஸ்தான் என்கிறது ஸ்கிராட்ச். அங்கே பகிரப்படுபவை எல்லாம் பெயரைச் சொல்லி மற்றவர்களும் எடுத்து மாற்றிப் பகிரவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் வருகின்றன. ரீமிக்ஸ் பொத்தானை அழுத்தினாலே மூலத்தின் இணைப்பு தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் என் கணக்கு வேறு. ஆடுகிற விதத்தில் ஒன்றாவது மாற வேண்டும். சட்டை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

அந்த விளையாட்டில் பாலம், பழைய பாம்பன் பாலம் மாதிரி இரண்டாகப் பிரிந்து மேலே எழும். 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக உயர்கிறது. சரி, அதையே செய்வோம் என்று, கோணத்தைத் திருப்பும் பிளாக்கை எடுத்துவிட்டு 'ஒய்' மதிப்பை, அதாவது திரையில் உயரத்தை, கூட்டும் பிளாக்கை வைத்தோம். பாலம் முழுதாக உயரும் முன் படகு நுழைந்தால் ஆட்டம் காலி. முதல் ஆட்டம் நன்றாக ஓடியது. மறுபடி தொடங்கினால் பாலம் மேலேயே நிற்கிறது! ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக்கொடி பிளாக்குக்குக் கீழே 'ஒய்' மதிப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்திருந்தோம்.

அப்புறம் குறிப்புப் பெட்டியில் அவனையே எழுதச் சொன்னேன்: "பாலம் உயரும் விதத்தை மாற்றினேன். மீதி மூலத்தில் உள்ளது." வெளியிலிருந்து பாட்டோ படமோ எடுத்திருந்தால் அதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.