டாங்கிள் மக்கர் பண்ணுச்சுன்னா உடனே கிராக் தேடாதீங்க

ஃபேக்டரில லைன் நின்னுடுச்சு, மெஷினைக் கண்காணிச்சு ஓட்டுற ஸ்கேடா சாஃப்ட்வேரை ஓபன் பண்ணா லைசென்ஸ் இல்லைன்னு காட்டுது, ஆனா டாங்கிள், அதாவது லைசென்ஸுக்கான யூஎஸ்பி கீ, போர்ட்லதான் சொருகி இருக்கு. இந்த நேரத்துல நிறைய பேர் டாங்கிள் செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டு, டாங்கிள் இருக்கற மாதிரி சாஃப்ட்வேரை ஏமாத்துற எமுலேட்டர் தேட ஆரம்பிச்சுடறாங்க. தயவுசெஞ்சு வேணாம். சட்டப்படி தப்புங்கறது ஒரு பக்கம், மெஷினை ஓட்டுற பிசில எவனோ எழுதின டிரைவரை அட்மின் ரைட்ஸோட ஏத்துறீங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

பாதி நேரம் டாங்கிள் நல்லாதான் இருக்கும், பிசில பின்னாடி ஓட வேண்டிய லைசென்ஸ் சர்வீஸ் நின்னிருக்கும். உங்க டாங்கிள் சென்டினல் வகைன்னா அதே பிசில பிரவுசர்ல localhost:1947னு அடிச்சுப் பாருங்க, கீ லிஸ்ட்ல வருதான்னு தெரிஞ்சுடும். கோட்மீட்டர் வகைன்னா அதோட கண்ட்ரோல் சென்டர்லயே தெரியும், நெட்வொர்க்ல லைசென்ஸ் எடுக்கறீங்கன்னா ஃபயர்வால்ல 22350 போர்ட் அடைபட்டிருக்கான்னும் பாருங்க. பிசி முன்னாடி உக்காந்தா ஓடுது, ரிமோட் டெஸ்க்டாப்ல வந்தா ஓடலைன்னா அது ரிப்பேர் இல்ல, சில லைசென்ஸ்ல ரிமோட் செஷனையே தடுத்து வச்சிருப்பாங்க. விண்டோஸ் பவர் செட்டிங்ல, கரண்ட் மிச்சம் பண்ண யூஎஸ்பியைத் தூங்க வைக்கற யூஎஸ்பி சஸ்பெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க.

ஓடுதே, எதுக்குத் தொடணும்னு லைசென்ஸ் சாஃப்ட்வேரை வருஷக்கணக்கா அப்டேட் பண்ணாம விடறதும் பெரிய தப்பு. 2020ல கோட்மீட்டர் சாஃப்ட்வேர்ல 6 பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்துச்சு, அதுல ஒண்ணுக்கு 10க்கு 10 ஆபத்து ஸ்கோர், சீமென்ஸ், ராக்வெல்னு பல கம்பெனி சாஃப்ட்வேருக்குள்ள இருந்தது அதேதான்.

டாங்கிளே வேணாம்னா வெண்டர்கிட்டயே கேளுங்க, பிசியோட கட்டுற சாஃப்ட் லைசென்ஸ், லைசென்ஸ் சர்வர், நெட்வொர்க் டாங்கிள்னு பெரும்பாலும் ஏதாவது வழி இருக்கும், விர்ச்சுவல் மெஷின்னா டாங்கிளை நெட்வொர்க் வழியா கொடுக்கற யூஎஸ்பி டிவைஸ் சர்வர் வச்சுக்கலாம். டெஸ்ட் பண்ண மட்டும்னா பெக்காஃப் கம்பெனியோட கண்ட்ரோல் சாஃப்ட்வேர் ட்வின்கேட் 3ல 7 நாள் டிரையல் இருக்கு, திரும்பத் திரும்ப புதுப்பிச்சுக்கலாம், இக்னிஷன்ங்கற ஸ்கேடால டிரையலை 2 மணி நேரத்துக்கு ஒருக்கா ரீசெட் பண்ணிக்கலாம். அதை வச்சு புரொடக்ஷன் மட்டும் ஓட்டாதீங்க.

சாஃப்ட் லைசென்ஸ்லயும் ஒரு குழி இருக்கு, பிசியை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி லைசென்ஸை வெளிய எடுத்துடணும். சீமென்ஸ்ல கீ எல்லாம் ஏஎக்ஸ் என்எஃப் இசட்இசட்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர்ல இருக்கும், குப்பைன்னு நெனச்சு டெலீட் பண்ணா லைசென்ஸும் சேர்ந்து போயிடும், லைசென்ஸ் மேனேஜர் வழியாத்தான் மாத்தணும்.

டாங்கிள் நம்பரையும் பில்லையும் இப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உடைஞ்ச டாங்கிளைத் திருப்பிக் கொடுத்தா பெரும்பாலும் மாத்தித் தருவாங்க, தொலைஞ்சதுன்னா பல இடத்துல புது லைசென்ஸ் விலைதான்.